ஒன்பது மணி இருக்குமுங்க

எப்படி ஆச்சு என்று கேட்பதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். போலீஸ்காரர் கேட்பார், வார்டு வாசலில் நிற்கும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள், பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்தவர்கள்கூடக் கேட்டுவிடுவார்கள். எத்தனை மணிக்கு ஆச்சு என்று கேட்பது மட்டும் என் வேலை. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் பதினோரு வருடமாக டாக்டராக இருக்கிறேன். அந்த ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்க நான் கற்றுக்கொள்வதற்குள் ஓர் உயிர் போய்விட்டது. அதனால்தான் போயிற்று என்று அடித்துச் சொல்ல முடியாது என்பார் எங்கள் பெரிய டாக்டர். அவர் நல்ல மனுஷர், அப்படித்தான் சொல்வார்.

பெரிய தீக்காயத்தில் முதல் நாள் ஆளைக் கொல்வது வறட்சி. தோல் வெந்துவிட்டால் ரத்தக் குழாய்களுக்கு நீரைப் பிடித்து வைக்கத் தெரியாமல் போய்விடும். உள்ளே ஓட வேண்டியது சதைக்குள் கசிந்து இறங்கும். வெளியே ஆள் வீங்கிக்கொண்டே போவார், உள்ளே வற்றிக்கொண்டே போவார். போகிற நீரை ஊசி வழியாகத் திருப்பி ஏற்ற வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு மில்லியை உடல் எடையால் பெருக்க வேண்டும், பிறகு உடம்பில் எத்தனை விழுக்காடு வெந்திருக்கிறதோ அதனால் பெருக்க வேண்டும். ஐம்பது கிலோ ஆளுக்கு நாற்பது விழுக்காடு என்றால் எட்டு லிட்டர் வரும். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், மீதி அடுத்த பதினாறு மணி நேரத்தில். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும் பெருக்கல்தான்.

ஆனால் அந்த எட்டு மணி நேரம் ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து தொடங்காது, தீப்பிடித்த நிமிடத்திலிருந்து தொடங்கும். வந்து சேர்வதற்குள் மூன்று மணி நேரம் போய்விட்டதென்றால், எட்டு மணி நேரத்து நீரை மிச்சமிருக்கும் ஐந்து மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். நேரம் தப்பினால் பெருக்கல் எவ்வளவு சரியாக இருந்தும் புண்ணியமில்லை. அதுவும் ஒரு தொடக்கக் கணக்குதான். அதன் பிறகு மணிக்கு மணி சிறுநீர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்களிடம் நேரம் கேட்டு வாங்குவது லேசில்லை. எங்கள் பக்கம் என்று உரிமையோடுதான் சொல்கிறேன், நானும் கிணத்துக்கடவுக்காரிதான். எங்களுக்கு 'வெடியால' என்றால் கோழி கூவியதிலிருந்து டிபன் தட்டைக் கழுவி வைக்கிற வரைக்கும். அது போதாதென்று மரியாதை வேறு. மாமியார் வீட்டில் யாராவது சாப்பிட்டாச்சா என்று கேட்டால், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வாயோடு “ஆச்சுங்க” என்பேன். கேட்டவருக்கு ஒரு சிரமம் வைக்கக் கூடாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். என் மாமியார் எது சொன்னாலும் “சரிங்க” என்று சொல்லிவிட்டு நான் நினைத்ததைச் செய்கிறவள் நான். இந்த 'ங்க'வின் சூட்சுமமெல்லாம் எனக்கு அத்துப்படி. வெள்ளைக் கோட்டை மாட்டினால் மட்டும் மறந்துவிடும்போல.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு புதன்கிழமை. காலை பத்தரை மணிக்கு ஒரு வாடகைக் காரின் பின்சீட்டில் அந்த அக்காவைக் கொண்டுவந்தார்கள். உடுமலைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அங்கே நூல் மில் வாசலில் காலையில் இட்லி விற்கிறவர். முப்பத்தெட்டு வயதிருக்கும், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கேஸ் அடுப்பின் ட்யூப் கசிந்திருந்தது தெரியாமல் லைட்டரைத் தட்டியிருக்கிறார். நைலான் நைட்டி. கூட வந்தது அவருடைய வீட்டுக்காரர் ஒருவர்தான். தேங்காய் மண்டியில் டெம்போ ஓட்டுகிறவர், வீட்டில் இரண்டு கறவை மாடும் உண்டு. செருப்பில்லாமல் வந்திருந்தார்.

ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்ததும் தீய்ந்த வாடைக்கு முன்னால் புளித்த மாவு வாடைதான் அடித்தது. எரிச்சல் அடங்கட்டும் என்று கைக்குக் கிடைத்த இட்லி மாவை அள்ளி மேலெல்லாம் பூசியிருந்தார்கள். அது காய்ந்து பொருக்குத் தட்டி நெஞ்சிலும் கையிலும் பிடித்துக்கொண்டிருந்தது. அதை நனைத்துக் கழுவி எடுத்தால்தான் எங்கே எவ்வளவு வெந்திருக்கிறது என்று தெரியும். நானும் சிஸ்டரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கழுவினோம். சிஸ்டர் கோட்டைமேட்டுக்காரர், அந்த வார்டில் என்னைவிடப் பழையவர், அதிகம் பேசமாட்டார்.

அந்த அக்கா தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். பெரிய தீக்காயத்தின் கொடுமையே அதுதான். முதல் நாள் ஆள் நன்றாகப் பேசுவார். பார்க்கிறவர்களுக்கு, இவ்வளவு பேசுகிறவருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும்.

“டாக்டரம்மா, நாலு படி மாவு ஆட்டி வெச்சிருக்கறனுங்க. பொங்கி வழிஞ்சு வீணாப் போயிரும். ஊட்டுல யாராச்சும் எடுத்து ஃப்ரிட்ஜுல வெக்கச் சொல்லுங்க.”

“சொல்றேங்க்கா.”

“தண்ணி கொஞ்சம் குடுங்க. வழியெல்லாம் கேட்டனுங்க, குடுக்கவே மாட்டேனுட்டாங்க.”

நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

“நெருப்புப் பட்டவங்களுக்குத் தண்ணி குடுத்தா உசுருக்கு ஆவாதுன்னாங்க, அதனால ஒரு சொட்டுக்கூடக் குடுக்கலீங்க,” என்றார். சரியாகத்தான் செய்தோம் என்ற நம்பிக்கையோடு சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தை நான் விழுங்கவில்லை. யார் சொன்னது, சொன்னவர் எந்தக் காலேஜில் படித்தார் என்று நாலு வார்த்தை கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த நாலு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அதற்கு மேல் அந்த மனுஷர் என்னிடம் எதை எதிர்த்துப் பேசுவார்?

காயத்தை அளந்தேன். நெஞ்சும் வயிறும் முழுக்கப் பதினெட்டு. வலது கை முழுக்க ஒன்பது. இடது கையில் முன்பக்கம் நான்கு. கழுத்தும் தாடையும் சேர்ந்து நான்கு. தொடையில் திட்டுத் திட்டாக இருந்ததை அவருடைய உள்ளங்கையை வைத்தே அளந்தேன், விரல்களையும் சேர்த்து ஓர் உள்ளங்கை ஒரு விழுக்காடு. ஐந்து வந்தது. மொத்தம் நாற்பது.

“எடை எவ்வளவுங்க இவங்களுக்கு?”

“அதெல்லாம் பாத்ததில்லீங்க.”

“அம்பது கிலோ இருக்குமா?”

“இருக்குமுங்க.”

“எத்தனை மணிக்கு ஆச்சு?”

“வெடியாலைங்க.”

“வெடியாலைன்னா எத்தனை மணி?”

“வெடியாலதானுங்க,” என்றார் மறுபடியும், தரையைப் பார்த்துக்கொண்டு.

கையுறையில் மாவு. சுவரில் கடிகாரம் பத்தே முக்கால். வந்து சேர்ந்தது பத்தரைக்கு, உடுமலையிலிருந்து இங்கே வர ஒன்றரை மணி நேரம். ஆகவே ஒன்பது. அதைப் போட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. கணக்கில் நான் எப்போதும் கெட்டிக்காரி.

“ஒன்பது மணி இருக்குமா?”

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தது போலத்தான் இருந்தது.

“இருக்குமுங்க,” என்றார்.

கேஸ் ஷீட்டில் எழுதினேன், ஒன்பது மணி. பெருக்கினேன், எட்டாயிரம் மில்லி. பாதி நாலாயிரம். இரண்டு கையிலும் ஊசி போட இடமில்லாமல் இரண்டு காலிலும் போட்டு, சிறுநீர்க் குழாய் போட்டு, பாட்டில் ஓடத் தொடங்கியபோது மணி பதினொன்று. ஒன்பதிலிருந்து எட்டு மணி நேரம் என்றால் மாலை ஐந்து. இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. நாலாயிரத்தை ஆறால் வகுத்து மணிக்கு அறுநூற்று எழுபது என்று சிஸ்டரிடம் சொன்னேன். அவர் பாட்டிலில் நேரத்தை எழுதி ஒட்டினார்.

ஐம்பது கிலோ ஆளுக்கு மணிக்கு இருபத்தைந்து மில்லி சிறுநீராவது இறங்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் பையில் பன்னிரண்டு மில்லி இருந்தது. கொஞ்சம் கூட்டினேன், கொஞ்சம்தான். கணக்குச் சரியாக இருக்கிறது, இனி மெல்ல இறங்கும் என்ற தைரியம். ஒரு மணிக்குப் பார்த்தால் எட்டு மில்லி. டிகாஷன் நிறத்தில் இருந்தது.

சிஸ்டர் பையைப் பார்த்தார், கேஸ் ஷீட்டைப் பார்த்தார், வெளியே போனார். கதவு திறந்திருந்ததால் வராந்தாவில் பேசியது எனக்குக் கேட்டது.

“தீப்பிடிச்சப்ப நீங்க எங்கீங்க இருந்தீங்க?”

“நான் ஊட்டுல இல்லீங்க சிஸ்டர். சொசைட்டிக்குப் பாலு ஊத்தப் போயிருந்தனுங்க. கேனைக் கழுவிட்டு இருக்கறப்ப ஆளு வந்து சொன்னாங்க.”

“பாலு எத்தனை மணிக்கு ஊத்துவீங்க?”

“ஆறு மணிக்குள்ள ஊத்தியாகோணுமுங்க. இல்லாட்டி வண்டி போயிருமுங்க.”

சிஸ்டர் உள்ளே வந்து, “மேடம், ஆறு மணி,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆறு மணி என்றால் முதல் எட்டு மணி நேரம் மதியம் இரண்டுக்கே முடிகிறது. நான் பாட்டிலைத் திறந்துவிட்ட பதினொரு மணிக்கு மிச்சமிருந்தது மூன்றே மணி நேரம், நான் ஆறு என்று நினைத்திருந்தேன். மணிக்கு ஆயிரத்து முந்நூறுக்கு மேல் ஏற வேண்டியவருக்குச் ஏறக்குறைய அதில் பாதியை ஏற்றியிருக்கிறேன். இப்போது மணி ஒன்று. இரண்டு மணிக்குள் ஏற வேண்டியதில் இன்னும் இரண்டரை லிட்டருக்கு மேல் பாக்கி. அதை மொத்தமாகத் திறந்துவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பெரிய டாக்டருக்கு போன் போட்டேன். எவ்வளவு வேகமாக ஏற்றத் துணியலாமோ அவ்வளவு வேகமாக ஏற்றச் சொன்னார், தானும் கிளம்பி வந்தார். பாட்டிலை முடுக்கிவிட்டு வராந்தாவுக்குப் போனேன். கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

“ஒன்பது மணின்னு ஏன் பொய் சொன்னீங்க?”

அவர் சுவரோடு ஒட்டி நின்றார். “நான் சொல்லலீங்க. நீங்கதானுங்க ஒன்பதுன்னீங்க. படிச்சவங்க சொல்றீங்க, நான் எப்படிங்க இல்லீன்னு சொல்றது?”

பிறகு அவரே மெதுவாக மீதியைச் சொன்னார். பக்கத்து ஊரில் தீப்புண்ணுக்கு எண்ணெய் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று சொந்தத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர் வெளியே போயிருந்தார், இதோ வந்துவிடுவார் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். வந்தவர் பார்த்துவிட்டு, இது நம்மால் ஆகாது, கோயம்புத்தூர் போய்விடுங்கள் என்று அனுப்பியிருக்கிறார். இதைச் சொன்னால் நான் இன்னும் திட்டுவேன் என்று வீட்டுக்காரர் பயந்திருக்கிறார். நான் ஒன்பது என்று எடுத்துக் கொடுத்ததும் அதற்குள் ஒளிந்துகொண்டார்.

மாலை ஐந்து மணிக்குச் சிறுநீர் முப்பது மில்லி இறங்கியது. சிஸ்டர் பையை என்னிடம் தூக்கிக் காட்டினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பித்தோம் என்று நினைத்தேன். தப்பித்தார் என்று நினைத்திருக்க வேண்டும், தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் முகம் வீங்கி அந்த அக்காவால் கண் திறக்க முடியவில்லை. குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்தார். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, கேட்டேன்.

“அக்கா, நேத்து எத்தனை மணிக்கு ஆச்சு?”

“ஆறுக்கு ஒரு நிமிசம் முன்னாலீங்க. மில்லுல ஆறு மணிச் சங்கு ஊதறதுக்குள்ள மொத ஈடு அடுப்புல ஏத்திரோணும்னு அவசரமா அடுப்பப் பத்த வெச்சனுங்க. கத்திட்டு வெளிய ஓடி வாரேன், சங்கு ஊதுது.”

நிமிஷ சுத்தமாகச் சொன்னார். நான் கேட்காத ஒரே ஆள் அவர்தான். முந்தின நாள் என் கைக்கடியில் படுத்துக்கொண்டு மாவைப் பற்றியும் ஃப்ரிட்ஜைப் பற்றியும் அவ்வளவு தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவரிடம் நான் நேரம் கேட்கவில்லை. வலியில் இருக்கிறவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேனா, நோயாளியிடம் எதற்கு என்று நினைத்தேனா, இப்போது ஞாபகமில்லை. எதுவாக இருந்தாலும் வெட்கக்கேடுதான்.

மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் கெட்டிருப்பது தெரிந்தது. டயாலிசிஸ் தொடங்கினோம். ஏழாம் நாள் ஒரு தேறுதல் தெரிந்தது, ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது, பத்தாம் நாள் காயத்தில் சீழ். பன்னிரண்டாம் நாள் மதியம் இறந்துபோனார். அன்று காலையில் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. கடைசியாக என்ன பேசினார் என்று பிறகு நானும் சிஸ்டரும் யோசித்துப் பார்த்தோம். தலைகாணியைக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னாராம் சிஸ்டரிடம்.

கேஸ் ஷீட்டில் ஒன்பது என்பதை ஒரே கோட்டால் அடித்து மேலே ஆறு என்று எழுதி, திருத்திய நேரத்தையும் போட்டுக் கையெழுத்திட்டிருந்தேன். இறந்தவர்களைப் பற்றி மாதம் ஒரு முறை நாங்கள் உட்கார்ந்து பேசும் கூட்டத்தில் அதை நானே எடுத்துச் சொன்னேன். பெரிய டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். “நாற்பது விழுக்காடு, அஞ்சு மணி நேரம் ஒரு சொட்டு நீரில்லாம வந்திருக்காங்க. உன்னால மட்டும்னு சொல்ல முடியாதும்மா,” என்றார். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். எனக்கு அந்த 'மட்டும்' என்ற சொல்தான் காதில் நின்றது. இன்னும் நிற்கிறது.

இப்போதெல்லாம் நான் யாரிடமும் மணி கேட்பதில்லை. அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கிறேன். பிள்ளைக்கு ஸ்கூல் வேன் வந்துவிட்டதா, கரண்ட் எப்போது போனது, தண்ணீர் லாரி வந்ததா, எந்தப் பஸ் போயிற்று என்று கேட்கிறேன். புதிதாக வரும் டாக்டர்கள் என்னைப் பார்த்து, மேடம் கல்யாணப் பேச்சு பேசுவதுபோல் விசாரிக்கிறார் என்று கிண்டல் செய்வது எனக்குத் தெரியும். செய்யட்டும்.

இறந்த அன்றைக்கே நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். போலீஸ் எழுத்து வேலையெல்லாம் முடிந்து உடலை வாங்குவதற்காக அந்த வீட்டுக்காரர் பின்வாசலில் நின்றிருந்தார். சாயங்கால வெயில் முகத்தில் அடித்தது, நகர்ந்து நிற்கத் தோன்றவில்லை அவருக்கு. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

“ஏனுங்க டாக்டரம்மா, அந்த எண்ணெக்காரர் ஊட்டுல நின்னுபோட்டனுங்களே, அதனாலதானுங்க போயிட்டா?”

பன்னிரண்டு நாளாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஆமாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அதில் பொய்யும் இல்லை, என் பெயரும் அடிபடாது. ஆனால் அதைச் சொன்னால் அந்த மனுஷர் சாகிற வரைக்கும் சுமப்பார். எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மணி நேரக் கணக்கை அவருக்குப் புரியும்படி விளக்கினேன். நீங்கள் வந்து சேர்ந்த பிறகும் பாதி நீர்தான் ஏறியது, அது என்னால், ஒன்பது என்று உங்கள் வாயில் திணித்தது நான், உங்களைத் திட்டிப் பயமுறுத்தியதும் நான், இதை நீங்கள் தனியாகத் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டார்.

“என் தப்புங்க அது,” என்றேன்.

“சரிங்க,” என்றார்.

“உங்களால இல்லீங்க.”

“சரிங்க டாக்டரம்மா.”

“நான் சொல்றது புரியுதுங்களா?”

“புரியுதுங்க. நீங்க எத்தனை பாடுபட்டீங்க, நாங்க பாத்தமல்லங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.”

அவருடைய முகத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் ஒன்பது மணி என்றபோதும் இப்படித்தான் ஒப்புக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்தது. ஏறி உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கதவை மூடும் வரை என்னைப் பார்த்துக் கும்பிட்டபடியே இருந்தார். என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போங்கள் என்று கேட்டிருந்தால், அதற்கும் சரிங்க என்றுதான் சொல்லியிருப்பார்.